யாருடைய சீஸன்?

ஆடி பிறந்துவிட்டால் திருநெல்வேலிக்காரர்களுக்குத் திசை ஒன்றுதான். மேற்கு! துண்டு, நல்லெண்ணெய், மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலம் சகிதம் குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். வழியில் பார்க்கிறவர்கள் ‘சௌக்கியமா?’ என்று கேட்பதில்லை. ‘சீஸன் எப்படி?’ என்றுதான் கேட்பார்கள்.

போன ஆடியில் நான் எதிர்த்திசையில் போனேன். மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவே, கடற்கரையில் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி. ‘இந்த வயசுல உமக்கு எதுக்கு வே இந்த வேலை?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இரண்டு காரணங்கள். ஒன்று, என் தங்கை மகன். இன்னொன்று, இருபது வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய ஒரு விமர்சனம்.

முதலில் தங்கை மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். லீவுக்கு வந்தவன், இன்டர்நெட்டில் வாங்கிய கூடாரம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். சுருட்டினால் பாய் மாதிரி, விரித்தால் குட்டி வீடு. “மாமா, பீச்சுக்கு ஆஃப் சீஸன்லதான் போகணும். ஈ, காக்கா இருக்காது. கடல் மொத்தமும் நமக்குத்தான்” என்றான். ‘யாரும் காலடி வைக்காத கடற்கரை’ என்று ஏதோ ஒரு பயணப் பக்கத்தில் படித்ததையும் செல்போனில் எடுத்துக் காட்டினான். படத்தில் மணல், அலை, வானம். ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்த வலை. வலை காயப்போட்டவர் என்ன, பறந்து வந்தா போட்டார்?

இனி அந்த விமர்சனம்.

ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004-ல் வந்தது. அந்த வருஷக் கடைசியில்தான் சுனாமி. அதற்கப்புறம் தமிழ்நாடே கடற்கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நானும் ஏதாவது பேச வேண்டாமா? நாவலை நாலு நாளில் வாசித்து முடித்தேன். அதாவது, முக்கால்வாசிப் பக்கங்களை வாசித்து, மிச்சத்தைப் புரட்டினேன். இப்போது நின்றுபோன ஒரு சின்னப் பத்திரிகையில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

மூன்று குற்றச்சாட்டுகள். ஒன்று, வட்டார வழக்கு வாசகனுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கிறது. அகராதி வைத்துக்கொண்டா கதை படிப்பது? இரண்டு, நடுக்கடலில் தத்தளிக்கிற மூன்று பேரின் பகுதி அடிக்கடி குறுக்கே வந்து கதை ஓட்டத்தைக் கெடுக்கிறது. மூன்று, பாத்திரங்கள் அளவுக்கு மீறிய கூட்டம்.

முடிவில் ஒரு புத்திமதி வேறு. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ எவ்வளவு சிறிய நாவல், எத்தனை எளிமை, அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று முடித்திருந்தேன். அன்றைக்கு அந்தக் கடைசி வரி ரொம்பக் கம்பீரமாகத்தான் பட்டது.

போன வருஷம் பரணில் பழைய பத்திரிகைகளை ஒழிக்கிறபோது அந்தப் பக்கம் கையில் அகப்பட்டது. நின்றபடியே வாசித்தேன். ஒரு சந்தேகம் வந்தது. இதை எழுதுகிறபோது நான் அந்தக் கடற்கரைப் பக்கம் போயிருந்தேனா? இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து எழுபது, எண்பது கிலோமீட்டர்தான். திருச்செந்தூருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கோயில், நாழிக்கிணறு, கடலில் ஒரு முழுக்கு, பஸ் ஸ்டாண்டில் சில்லுக்கருப்பட்டி. அத்தோடு திரும்பிவிடுவேன். அதற்குத் தெற்கே ஒரு கரை இருப்பதே எனக்குப் புத்தகத்தில் மட்டும்தான். எனவே, இரண்டு நாவல்களையும் பைக்குள் போட்டுக்கொண்டு தங்கை மகனோடு ஏறிவிட்டேன்.

சாத்தான்குளம் தாண்டியதும் நிலத்தின் நிறம் மாறுகிறது. செம்மண் தேரி. இரண்டு பக்கமும் பனை. ரத்தச் சிவப்பில் மணல், காற்றில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்தத் தேரி மேடுகளை இப்படிக் குவித்து வைத்ததில் தென்மேற்குக் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்கிறார்கள் மண்ணியல்காரர்கள்.

இங்கேதான் எனக்கு முதல் பாடம். அரபிக் கடலிலிருந்து ஈரத்தோடு வருகிற அந்தக் காற்று மலையில் முட்டி, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொஞ்சம் நழுவிக் குற்றாலத்தில் சாரலாக விழுகிறது. மீதிக் காற்று வறண்டுபோய், சமவெளியைக் கடந்து, மணலை வாரிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்து சேருகிறது. அதே காற்றுதான். அங்கே அதற்குப் பெயர் சீஸன். இங்கே வந்தால் ஆஃப் சீஸன்! பெயர் வைத்தது யார்? துண்டும் எண்ணெயுமாகக் கிளம்பினோமே, நாம்தான்.

மணப்பாட்டை நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள், ஊர் பெயர் தெரியாமலேயே. கடலுக்குள் மூக்கை நீட்டின மாதிரி ஒரு மணல் குன்று. உச்சியில் திருச்சிலுவைக் கோயில். குன்றின் கடல் பக்கம் ஒரு குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்த இடம் என்கிறார்கள் ஊரில். செப்டம்பர் 14-ல் பெரிய திருவிழா. அப்போது வந்தால் கால் வைக்க இடம் இருக்காது. ஆடியில் வந்தால், நிற்கத்தான் முடியாது. அப்படிக் காற்று! தங்கை மகனின் தொப்பி பறந்து, சாய்வாக ஏறி, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இலங்கைப் பக்கம் போய்விட்டது.

குன்றின் மேல் நின்றபோது இன்னொரு ஞாபகமும் வந்தது. இந்தியாவிலேயே, இந்திய மொழி ஒன்றில், அதன் சொந்த எழுத்தில் அச்சான முதல் புத்தகம் தமிழில்தான். ‘தம்பிரான் வணக்கம்’. 1578-ல் கொல்லத்தில் அச்சானது. பதினாறே பக்கம். அதைக் கொண்டுவந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் ஊழியம் செய்தது இந்த முத்துக்குளித்துறையில். அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள்.

நாம் காலேஜில் படித்த அத்தனை உரைநடைக்கும் முன்னால், அச்சு மை தொட்ட தமிழ் கடற்கரைக்காரர்கள் காசில் வந்த தமிழ். அந்த வீடுகளில் பிறந்த ஒருவர் தங்கள் பேச்சிலேயே எழுதிய பெரிய நாவல் என்று என் கைக்கு வந்தது 2004-ல். நானூற்று இருபத்தாறு வருஷம் கழித்து. அதைப் பார்த்துத்தான் நான் ‘பாஷை புரியவில்லை’ என்று முகம் சுளித்திருக்கிறேன். குன்றின் மேல் காற்று காதைப் பிடித்துத் திருகியது நியாயம்தான்.

மணப்பாட்டிலிருந்து தெற்கே, பெரியதாழை போகிற வழியில், உடைமரங்கள் கொஞ்சம் தள்ளி நிற்கிற ஒரு இடத்தில் கூடாரத்தை விரித்தோம். சமதளமான மணல். பத்தடியில் அலை. ஓரமாக நாலைந்து பைபர் படகுகள், ஒரு பழைய வள்ளம். தங்கை மகன் முளையடித்துக்கொண்டிருந்தான். நான் எலுமிச்சம்பழச் சாதத்தைப் பிரித்து ஒரு வாய் வைத்தேன். நறநற. பாதி சாதம், பாதி மணல்.

அப்போது ஒரு பெரியவர் வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். முண்டாசு, கையில் டார்ச் லைட். கூடாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

“என்னய்யா, இங்கனயா படுக்கப் போறிய?”

“ஆமா அண்ணாச்சி. யாருக்கும் இடைஞ்சல் இல்லையே?”

“எங்களுக்கென்ன இடைஞ்சல். மூணு மணிக்கு நாங்க போட்டத் தள்ளணும். நீங்க படுத்திருக்கது போட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல. ஒங்க மேல ஏத்தித்தான் தள்ளணும், பரவாயில்லையா?”

தங்கை மகன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. டார்ச்சை எங்களுக்குப் பின்னால் அடித்தார். கூடாரத்துக்கும் மேலே, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, கோடு கிழித்த மாதிரி காய்ந்த பாசி, சிப்பி, தெர்மோகோல் துண்டு.

“அது என்னன்னு தெரியுதா? தண்ணி வந்துட்டுப் போன அடையாளம். நேத்து ராத்திரி அங்க வரைக்கும் வந்திருக்கு. இன்னைக்கி வராதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. ஈ, காக்கா இல்லாத கடற்கரையில் யாரைக் கேட்பது என்றுதானே நினைத்திருந்தோம்.

கூடாரத்தைப் பிடுங்கி, மேட்டில், அந்தப் பழைய வள்ளத்தின் மறைவில் போட உதவி செய்தார். எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று தங்கை மகன் கடலைக் காட்டினான், காலையில் ஜிப்பைத் திறந்தால் சூரியோதயம் தெரியுமாம். “காத்து கச்சான். வாசல அதுக்கு முதுகு காட்டி வைக்கணும். நல்லவேளை, அதுவும் கடலப் பாத்துதான் வருது” என்றார். கச்சான்! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கச்சான் மேல்காற்று. கொண்டல் கிழக்கே இருந்து வருவது. வாடை வடக்கு. சோழகம் தெற்கு. கடலுக்குள் ஓடுகிற நீரோட்டத்துக்கு நீவாடு என்று பெயர். தெற்கிலிருந்து வந்தால் சோநீவாடு, வடக்கிலிருந்து வந்தால் வாநீவாடு. இதெல்லாம் நாவலில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற சொற்கள். நான் ‘சுவர்’ என்று எழுதியதில் பாதி இவைதான். அங்கே மணலில் நிற்கிறபோது, அந்த ஒரு சொல் எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று சொல்லிவிட்டது. நான் படித்த தமிழில் ‘பலத்த காற்று’ என்று ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டு ஒரு கூடாரத்துக்குக்கூட வாசல் வைக்க முடியாது.

சுவர் என்பது உள்ளே இருப்பவர்களுக்கு வீடு. வெளியே நிற்கிறவன் கதவைத் தட்ட வேண்டும். நான் தட்டாமல், சுவர் இருக்கிறதே என்று புகார் எழுதியவன்.

இது நாவல் ருசி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. 2024 மே 6-ம் தேதி, இங்கிருந்து தெற்கே, குமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். சுற்றிப் பார்க்க வந்த இளம்பிள்ளைகள். அந்த நாட்களில் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை விடப்பட்டிருந்தது.

கள்ளக்கடல் என்றால் என்ன? இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ வீசிய சூறைக்காற்று எழுப்பிய நெடிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, இங்கே காற்றே இல்லாத, வெயில் பளிச்சென்று அடிக்கிற ஒரு நாளில் கரையேறும். கள்ளனைப் போல சொல்லாமல் வருவதால் கள்ளக்கடல். கேரள, குமரிக் கரை மீனவர்கள் வைத்த பெயர். விஞ்ஞானிகள் அதற்கு வேறு பெயர் தேடாமல் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 2012-ல் யுனெஸ்கோவும் அதை ஏற்றது. வட்டார வழக்கு உலக வழக்கு ஆகிவிட்டது. ஆனால் எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நமக்கு அது இன்னும் ‘புரியாத பாஷை’. டி.வி.யில் ஓடுகிற எழுத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது எத்தனை பேர் ‘அப்படின்னா?’ என்று பக்கத்தில் கேட்டோம்? நானும் கேட்டவன்தான்.

ராத்திரி தங்கை மகன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கூடாரத் துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. தலையில் மாட்டுகிற விளக்கின் வெளிச்சத்தில் நாவலை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை எந்தப் பக்கத்தையும் தாண்டவில்லை.

கோத்ரா, சூசை, சிலுவை. மரம் சிதைந்து நடுக்கடலில் மிதக்கிற மூன்று பேர். பிறகு கதை ஆமந்துறை என்கிற ஊருக்குப் போகிறது. 1933-லிருந்து 1985 வரை மூன்று தலைமுறை. கல்யாணம், பகை, வியாபாரம், சாமியார்கள், கள்ளத்தொடர்பு, சாவு. நடுநடுவே மறுபடி அந்த மூன்று பேர். அதே தண்ணீர், அதே தாகம். ‘கதை ஓட்டத்தைக் கெடுக்கிறது’ என்று நான் எழுதிய பகுதி இதுதான்.

இதற்கு விடையும் அந்தப் பெரியவரிடமிருந்துதான் வந்தது. சாயங்காலம் போகிறபோது, “என்ன பாக்க வந்திய?” என்று கேட்டிருந்தார். “சும்மா, கடலப் பாக்கத்தான் அண்ணாச்சி” என்றேன். அவருக்குப் புரியவில்லை.

“கடல்ல பாக்கதுக்கு என்ன இருக்கு? கரையில இருந்தா வலையப் பாக்கணும். உள்ள போயிட்டா நாங்க கரையத்தான் பாப்போம். கோயில் கோபுரம் எங்க தெரியுது, மேடு எங்க தெரியுதுன்னு ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தாத்தான் நாம எங்க கெடக்கோம்னு தெரியும். கர மறைஞ்சிட்டுன்னா மனசுல கரைய வச்சுக்கணும்.”

மனசுல கரைய வச்சுக்கணும். நாவல் முழுக்க அதைத்தானே செய்கிறது? நடுக்கடலில் மிதக்கிற மூன்று பேருக்குக் கரை தெரியவில்லை. எனவே ஐம்பது வருஷக் கரையை நாவல் நமக்கு மனசில் வைத்துக் காட்டுகிறது. நான் கரையின் கதையை ‘கதை’ என்றும், கடலை ‘குறுக்கீடு’ என்றும் நினைத்துவிட்டேன். உண்மையில் நாவல் நிற்கிற இடமே கடல்தான். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் தெரிவது ஊர்.

இதைப் புரிந்துகொண்டதும் எனக்கு நம்முடைய நெய்தல் திணையே வேறு மாதிரி தெரிந்தது. சங்கப் பாட்டில் நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். யார் இரங்குகிறார்கள்? கரையில் நிற்கிற தலைவி. அவள் கண் வழியாகத்தான் நாம் இரண்டாயிரம் வருஷமாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போனவன் அங்கே என்ன பாடுபட்டான், எந்தக் காற்றில் மாட்டினான் என்கிற கணக்கு அந்தப் பாட்டுகளில் அபூர்வம். சினிமாவிலும் அப்படித்தான். கடற்கரையில் கதாநாயகி நிற்பாள், காமிரா அவள் பார்க்கிற திசையில் பார்க்கும். ‘ஆழி சூழ் உலகு’ காமிராவைத் திருப்பி வைத்துவிட்டது. இதைச் சொல்லத் தெரியாமல்தான் ‘ஓட்டம் கெடுகிறது’ என்று எழுதினேன்.

அப்படியானால் ‘கடல்புரத்தில்’? அதை மறுநாள் மத்தியானம் வள்ளத்தின் நிழலில் படுத்து முடித்தேன். ஒரே மூச்சில் முடிகிற நாவல். 1977-ல் வந்தது, களம் இதே மணப்பாடு. வண்ணநிலவன் கடலோடி இல்லை, நம்ம பக்கத்து உள்நாட்டுக்காரர். அதனால் அவர் கரையிலேயே நின்றார். நின்ற இடத்தில் நேர்மையாக நின்றார்.

பிலோமியை ஒரு தடவை படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். காதலும் ஏமாற்றமும் மரணமும் அவளைத் தாண்டிப் போகின்றன. அவள் யாரையும் சபிப்பதில்லை. அப்பா குரூஸ் மிக்கேலுக்கு வள்ளம்தான் உயிர். வீட்டையும் வள்ளத்தையும் விற்றுவிட்டு வரச்சொல்லி மகன் வற்புறுத்துகிறான். ஊரில் லாஞ்சுக்காரர்களுக்கும் வள்ளக்காரர்களுக்கும் பகை. இந்தக் கடைசி விஷயத்தை நான் முன்பு வெறும் பின்னணி என்று நினைத்துக் கடந்துபோனேன். அது பின்னணி இல்லை. அந்தச் சண்டை பெரிதாகித்தான், 1983-ல் தமிழ்நாட்டில் கடல் மீன்பிடிப்புக்கென்று சட்டமே வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று அப்போது விதி வைத்தார்கள். சட்டம் வருவதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே, ஒரு கிழவனின் வள்ளத்தை வைத்து அந்தச் சின்ன நாவல் விஷயத்தைச் சொல்லிவிட்டது.

எளிமை என்று நான் பாராட்டியதிலும் ஒரு சூட்சுமம் இருந்திருக்கிறது. ‘கடல்புரத்தில்’ பேச்சு, உள்நாட்டுக்காரனான எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததால் எளிமை என்றேன். ‘ஆழி சூழ் உலகு’ என் வசதிக்காக எழுதப்படவில்லை. அதனால் கடினம் என்றேன். எளிமை, கடினம் என்பதெல்லாம் பல சமயம் புத்தகத்தில் இருப்பதில்லை. நாம் எங்கே உட்கார்ந்து படிக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கற்றுக்கொள்ளச் சொன்னேனே, அந்த வரியை இன்று முழுசாக வாபஸ் வாங்குகிறேன். ஒரு புத்தகம் கரையிலிருந்து கடலைப் பார்க்கிறது. இன்னொன்று கடலிலிருந்து கரையைப் பார்க்கிறது. இரண்டு கண்ணும் வேண்டாமா?

எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மூன்றாவது குற்றச்சாட்டில் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறேன். ‘ஆழி சூழ் உலகு’ நாவலில் ஆட்கள் அதிகம். யார் யாருக்கு மாமன், யார் யாருக்குக் கொழுந்தி என்று கடைசிப் பக்க வெள்ளைத் தாளில் நான் வம்சாவளி போட வேண்டியிருந்தது. சில சம்பவங்கள் நின்று பார்ப்பதற்குள் முடிந்துவிடுகின்றன. ஒரு பெரிய சாவுக்கும் ஒரு சின்னத் தகராறுக்கும் ஒரே அளவு இடம். ஜோ டி குரூஸுக்குத் தன் ஊரில் யாரையும் விட்டுவிட மனசு வரவில்லை போலிருக்கிறது. முதல் தடவை வாய் திறக்கிற ஊர் அப்படித்தான் பேசும், எல்லோரும் ஒரே நேரத்தில். காரணம் புரிகிறது. ஆனாலும் குறை குறைதான். 2009-ல் வந்த ‘கொற்கை’க்கு 2013-ம் வருஷத்து சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அதிலும் கூட்டம் குறையவில்லை!

முதல் ராத்திரியைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்று மணிக்குச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். ஏழெட்டுப் பேர் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில், முதலில் நாங்கள் கூடாரம் போட்ட இடம் தெரிந்தது. முளையடித்த குழிகளைக் காணோம். தண்ணீர் வந்து போய்விட்டிருந்தது. பெரிய அலை எல்லாம் இல்லை. முழங்கால் அளவுதான் வந்திருக்கும். ஆனால் தூங்குகிறவனுக்கு முழங்கால் அளவு என்ன, கழுத்தளவு என்ன? நெஞ்சு ஒரு தடவை படக்கென்றது. பெரியவர் என்னைப் பார்த்தார். ‘பாத்தீரா?’ என்றெல்லாம் கேட்கவில்லை. “வாரும், ஒரு கை பிடியும்” என்றார். பிடித்தேன். படகு நகர்ந்ததற்கு நான் காரணம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

படகு அலையைத் தாண்டியதும் அவர் கரையில் நின்றார். உள்ளே போகிற வயசு தாண்டிவிட்டது. மகன் போகிறான். அவர் கடலைப் பார்த்தபடி நின்றார். நேற்று, கடலில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்ட மனிதர்! படகின் சத்தம் மறையும் வரை நின்றுவிட்டு, வலைக் குவியலின் பக்கம் திரும்பினார். நெய்தல், இரங்கல் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்து வைத்திருந்த எனக்கு அந்த நேரம் பேச ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டாம் ராத்திரியும் அதே மேட்டில்தான். அதற்கடுத்த காலை பஸ் பிடித்து உவரி போனோம். ஜோ டி குரூஸ் பிறந்த ஊர். கப்பல் வடிவத்தில் கட்டின மாதா கோயில் இருக்கிறது. தங்கை மகன் படம் எடுத்துத் தள்ளினான். திரும்புகிற வழியில் அவன் செல்போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். படத்துக்குக் கீழே முதலில் ‘யாரும் இல்லாத பீச்’ என்று போட்டிருந்தான். அதை அழித்துவிட்டு, ‘போறதுக்கு முன்னால ஊர்ல கேட்டுட்டுப் போங்க’ என்று போட்டான். என் ஒன்றரைப் பக்க விமர்சனத்தைவிட உருப்படியான வரி.

நீங்களும் ஒரு ஆடியில் போங்கள். குற்றாலத்தில் நெரிசல் கொஞ்சம் குறையும். குளிக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், ஆடிக் கடல் அதற்கானது அல்ல. படகுக்கும் தண்ணீருக்கும் நடுவே படுக்காதீர்கள். காய்ந்த பாசி போட்ட கோட்டுக்கு மேலே, தள்ளிப் படுங்கள். கொண்டுபோன குப்பையைத் திருப்பி எடுத்து வாருங்கள். கூடாரம் விரிக்கும் முன்னால், வலை பின்னிக்கொண்டிருக்கிற யாராவது ஒருவரிடம் ‘இன்னைக்கிக் காத்து என்ன காத்து?’ என்று கேளுங்கள். பைக்குள் ‘ஆழி சூழ் உலகு’ இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் வம்சாவளி எழுத ஒரு பென்சிலும்.

என் பிரதியை இப்போது அலமாரியிலிருந்து எடுத்தாலும் மேஜையில் மணல் கொட்டுகிறது. வீட்டில் திட்டுகிறார்கள். துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறேன். அந்தப் பழைய விமர்சனப் பக்கத்தைக் கிழித்துப் போடவில்லை. மடித்து, அதே நாவலுக்குள் அடையாளத்துக்கு வைத்திருக்கிறேன்.